நூற்றைம்பது கிணறுகள் தாங்கும் தேவாலயம்

பிற சமயத்தார் எழுப்பிய இறையில்லம் ஒன்றைப் பற்றி நம் தமிழ்த்துறை மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கியம் பேச வேண்டிய ஏட்டில் கட்டடக்கலைக்கு என்ன இடம் என்று மாணவர் கேட்கலாம். பள்ளிவாசல்களைப் பற்றி எழுதாமல் தேவாலயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று பெரியோர் கேட்கலாம். இவ்விரு வினாக்களுக்கும் இக்கட்டுரையின் முடிவில் விடை கிடைக்கும் என நம்புகிறேன். பள்ளிவாசல்களின் பொருட்டே இத்தேவாலயத்தைப் பற்றி எழுதுகிறேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திற்கு அண்மையில், பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, மரங்கள் சூழ்ந்த வளாகத்தினுள் வெண்ணிறக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கிறது. புனித அந்திரேயா ஆலயம் என்பது அதன் பெயர். ‘கிர்க்’ என்றும் வழங்குவர். கிர்க் என்பது ஸ்காட்லாந்து நாட்டார் தம் தேவாலயத்தைக் குறிக்க ஆளும் சொல்லாகும். தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வந்திறங்கும் நம்மவருள் பலர் அக்கோபுரத்தைக் கண்டிருப்பர். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சிலரே அறிந்திருப்பர்.

மூப்பர்களின் சபை

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிய வந்த ஐரோப்பியருள் ஸ்காட்லாந்துக்காரர் கணிசமாக இருந்தனர். இங்கிலாந்துத் திருச்சபையினர் ஆயர்களின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையினரோ பிரஸ்பிட்டேரியன் முறையைப் பின்பற்றுபவர்கள். ‘பிரஸ்பித்தெரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். சபையார் தேர்ந்த மூப்பர்கள் கூடியமர்ந்து சபையை நடத்துவது அவர்தம் மரபு. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஜமாஅத் நடத்தும் நமக்கு இம்முறையைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு ஏதுமில்லை.

இச்சபையார்க்கெனச் சென்னையில் தனி ஆலயம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1818ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1821ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. பணியை முன்னின்று நடத்தியவர் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட் என்பவர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சி என்னும் சிறுதீவு அவருடைய பிறப்பிடம். இப்பணிக்கு முன்பே சீரங்கப்பட்டணத்தில் ஏறத்தாழ 110 அடி அகலமுள்ள ஒற்றைச் செங்கல் வளைவைக் கட்டிக்காட்டியவர் அவர். இத்துணை அகலமான வளைவு நில்லாது என்று ஐயுற்றோர்க்கு விடையாக எழுந்த அவ்வளைவு நூறாண்டுக்கு மேல் நின்று 1930களில் வீழ்ந்தது. அத்தகைய துணிவுடையவரே எழும்பூர்ப் பணியை ஏற்றார்.

வட்ட வடிவத்தின் வரலாறு

இலண்டன் மாநகரில் டிரஃபால்கர் சதுக்கத்தின் அருகே புனித மார்ட்டின் ஆலயம் இருக்கிறது. 1726இல் நிறைவுற்ற அதனை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ் என்பவர். அவர் முதலில் அவ்வாலயத்தை வட்ட வடிவில் எழுப்பவே திட்டமிட்டார். செலவு மிகும் என்று கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது. கிப்ஸ் அவ்வரைபடத்தைத் தம் கட்டடக்கலை நூலில் சேர்த்து 1728இல் வெளியிட்டார். இலண்டன் கைவிட்ட வட்டமே சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் எழும்பூரில் உருப்பெற்றது.

இங்கே சற்று நிற்போம். கிப்ஸ் ஸ்காட்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர். அவர் வரைந்தது இங்கிலாந்துத் திருச்சபைக்காக. அதனை எடுத்தாண்டவர் கெர்ன்சித் தீவினர். ஆலயத்தைப் பெற்றவர்களோ பிரஸ்பிட்டேரியன் சபையினர். ஒரு வரைபடம் நிலத்தைத் தொடுவதற்கு முன்னரே எத்தனை கைகள் மாறிவிட்டன!

வட்ட வடிவத்தைத் தேர்ந்ததற்குப் பயன் நோக்கும் உண்டு. பிரஸ்பிட்டேரியன் வழிபாட்டில் மறைநூலை ஓதுவதும் அதன் பொருளை எடுத்துரைப்பதும் நடுநாயகமாக விளங்குவன. நீண்ட மண்டபத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்குச் சொற்பொழிவாளர் எட்டாத் தொலைவில் இருப்பார். வட்டத்திலோ எவரும் பெரிதும் விலகியிருப்பதில்லை. வெள்ளிக்கிழமை குத்பாவை மிம்பருக்கு அருகமர்ந்து கேட்க முந்துகின்ற நமக்கு இந்த நோக்கம் அயலானதன்று.

வட்டத்தின் குறுக்களவு 81.5 அடி. அதன் கிழக்கிலும் மேற்கிலும் செவ்வகப் பகுதிகள் இணைந்துள்ளன. உள்ளே வட்டமாக நிற்கும் 16 கொரிந்திய வகைத் தூண்களின் மேல் 51.5 அடி குறுக்களவுள்ள கும்மட்டம் கவிந்திருக்கிறது. அதன் உட்புறம் ஆழ்ந்த நீல வண்ணம் பூசப்பெற்றுப் பொன் விண்மீன்களால் அணிசெய்யப்பட்டுள்ளது. அண்ணாந்து பார்ப்பவர்க்கு இரவு வானம் இறங்கி வந்து நிற்பதுபோல் தோன்றும். வெளியே எழும் கோபுரத்தின் உயரம் 166.5 அடி.

மண்ணுக்குள் மறைந்த தமிழ்நாடு

இதுவரை கூறியவை ஐரோப்பாவின் பங்கு. இனி நம் மண்ணின் பங்கினை நோக்குவோம்.

ஆலயத்திற்கெனக் கிடைத்த நிலம் இளகியது. மழைக்காலத்தில் நீர் தேங்குவது. இத்துணைப் பாரத்தைச் சாதாரண அடித்தளம் தாங்காது. டி ஹாவிலண்ட் இந்நாட்டார் வழிவழியாகக் கையாண்ட கிணற்று அடித்தளத்தை நாடினார். வட்டமாக உறை அமைத்து, அதனுள் ஆள் இறங்கி மண்ணைத் தோண்டி எடுக்க எடுக்க, உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். உறுதியான நிலம் கண்டதும் கிணற்றை நிரப்பிக் கெட்டிப்படுத்துவர். இவ்வாறு 14 அடி முதல் 50 அடி வரை ஆழமுள்ள 150 கிணறுகள் இறக்கப்பட்டன. அவற்றின் மேல்தான் அந்த வட்ட ஆலயமும் வானளாவிய கோபுரமும் நிற்கின்றன.

உறைகிணறு தமிழனுக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணறுகளை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நீர் எடுக்க உறை இறக்கிய கைத்திறனே பாரம் தாங்கவும் உறை இறக்கியது. இம்முறை தமிழகத்தோடு நின்றதுமன்று. யமுனைக் கரையில் ஷாஜகான் எழுப்பிய தாஜ்மகாலின் ஆற்றோர மேடையைத் தாங்குபவையும் இத்தகைய கிணறுகளே. மக்பராவின் காலடியிலும் தேவாலயத்தின் காலடியிலும் ஒரே தொழிலறிவு ஊன்றி நிற்பது எண்ணத்தக்கது.

அடுத்தது கூரை. நம் நாட்டில் மரக்கூரைக்குப் பெரும்பகை கறையான். உத்திரத்தை உள்ளே அரித்து வெளியே ஒன்றும் அறியாததுபோல் வைத்திருக்கும். ஆகவே மரத்தைத் தவிர்த்துக் கட்டுமானத்தாலேயே கூரையைக் கவிக்க வேண்டியதாயிற்று. கும்மட்டமோ கனமானது; தூண்களின் மேல் நிற்பது. கனத்தைக் குறைக்கச் செங்கற் சட்டகத்தின் இடைவெளிகளில் சுடுமண் கூம்புகளைப் பொருத்தினர். குயவரின் சக்கரத்திற்குரிய சுடுமண், பொன் விண்மீன்கள் மின்னும் நீல வானத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தூண்களைப் பார்ப்பவர் சலவைக்கல் என்றே கருதுவர். அவை செங்கல்லால் எழுப்பிச் சுண்ணச்சாந்து பூசி மெருகேற்றியவை. கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு முட்டை வெண்கரு, தயிர், வெல்லம் முதலியன சேர்த்து, பல நாள் அரைத்து, பல முறை பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது சென்னைக் கொத்தனார்களின் கைவண்ணம். அதன் புகழ் எத்தகையதெனில், சுண்ணம் என்னும் நம் சொல்லே சற்றுத் திரிந்து ‘சுனம்’ என ஆங்கில அகராதியில் ஏறிற்று.

வரைந்தவர் பெயரும் கட்டுவித்தவர் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. கிணற்றுக்குள் இறங்கியவர், சாந்து அரைத்தவர், சாரத்தின் உச்சியில் நின்று தூக்குக்குண்டு பிடித்தவர் ஆகியோரின் பெயர்களை நாம் சொல்வதில்லை. அவர்கள் எச்சமயத்தவராயினும், தம் சமயத்தார் அல்லாதோர் தொழும் இல்லத்திற்காக உழைத்தனர். அவ்வுழைப்பில் குறை வைத்திருந்தால் இருநூறு ஆண்டுகள் நின்றிராது அக்கோபுரம்.

சொல்லும் கடன் வாங்கியதே

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லாராய்ச்சி. மேலே கும்மட்டம் என்ற சொல்லைப் பலமுறை ஆண்டேன். அது ‘கும்பத்’ என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். வளைவைக் கொத்தனார்கள் ‘கமான்’ என்பர். அதுவும் பாரசீகமே, வில் என்பது அதன் பொருள். இஸ்லாமியரின் வழியே தமிழுக்கு வந்த சொற்கள் இவை. கிறித்தவ ஆலயத்தின் உச்சியைத் தமிழன் பாரசீகச் சொல்லால் குறிக்கிறான். அதில் பூசிய சாந்தை ஆங்கிலேயன் தமிழ்ச் சொல்லால் குறிக்கிறான். கட்டடம் போலவே சொல்லும் பலர் கைபட்டு உருவாயிற்று.

நம் பள்ளிவாசல்களின் வரலாறும் இதுவே. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல் கருங்கல்லாலானது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரைப் பெரிய பள்ளியின் கற்றூண்களைப் பாருங்கள். உருவங்களை மட்டும் விலக்கிவிட்டுக் கோயிற் சிற்பியின் உளி அதே பூவையும் கொடியையும் அங்கே செதுக்கியிருக்கிறது. கடற்கரை ஊர்களின் கல்லுப்பள்ளிகள் யாவும் இவ்வாறு தமிழ் மண்ணில் தமிழ்க் கைகளால் எழுந்தவையே.

ஒரு வேதனை

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காகக் கடலோர ஊர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கு வேண்டா. சிறுவயதில் என் பாட்டனாரின் கைபிடித்து நான் தொழச் சென்ற கல்லுப்பள்ளி அங்கு இருந்தது. கோடையிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். தூண்களில் செதுக்கிய தாமரை இதழ்களை விரலால் தடவிக்கொண்டே பெரியவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இம்முறை சென்றபோது அப்பள்ளி இல்லை. சிமெண்டுக் கும்மட்டங்களும் வழுவழுப்பான தரைக்கற்களும் கொண்ட புதிய பள்ளி நின்றது. பழைய தூண்களில் இரண்டு பின்சுவரோரம் கிடந்தன. ஒன்றின்மேல் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தாமரை இதழ்களின்மேல் சோப்பு நுரை வழிந்தது.

யாரையும் குறைகூற எனக்கு மனமில்லை. அப்பள்ளியை இடித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் இடித்தனர். மக்கள் பெருகிவிட்டனர், ஜும்ஆவிற்கு இடம் போதவில்லை, மழையில் ஒழுகியது, வெளிநாட்டில் உழைத்த பிள்ளைகள் மனமுவந்து பொருள் அனுப்பினர். இக்காரணங்கள் ஒவ்வொன்றும் உண்மையே. ஆயினும் இவற்றுள் ஒன்றுகூட இடிப்பதற்குப் போதிய காரணமன்று என்பதே என் கருத்து.

இடம் போதவில்லையெனில் பழைய தொழுமிடத்தை நடுவில் வைத்துப் பக்கங்களில் விரிக்கலாம். ஒழுகுகிறதெனில் செப்பனிடலாம். செப்பனிடுகையில் ஒன்று நினைவிருக்கட்டும். சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை உளுக்கச் செய்யும். பழங்கட்டடம் பயனற்றதென்று நாம் முடிவு கட்டுவது பெரும்பாலும் இத்தகைய தவறான மராமத்துக்குப் பின்னரே. சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பால் செப்பனிடுவதே முறை. செதுக்குவேலையின்மீது பளபளக்கும் எண்ணெய் வண்ணம் அடிப்பதும் தீங்கே; உளியின் நுண்மை அதில் மூழ்கிவிடும்.

இதோ எழும்பூர் ஆலயத்தைப் பாருங்கள். அதனைக் கட்டிய கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. 1947இல் ஆங்கிலேயர் ஆட்சியும் முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரர் கப்பலேறினர். ஆலயம் பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. கட்டியவர் எவரும் இல்லாத நிலையிலும், பின்வந்தவர்கள் அதனைத் தமதாகவே போற்றிக் காத்தனர். 2021இல் அது இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. ஞாயிறுதோறும் இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. தாம் எழுப்பாததைத் தாம் காத்த அப்பண்பே நாம் கற்க வேண்டிய பாடம்.

அமானத்

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானத் என்கிறோம். அதனைக் குறைவின்றித் திருப்பித் தருவது இறைநம்பிக்கையாளரின் கடமை என்று கற்றிருக்கிறோம். பள்ளிவாசல் இறைவனுக்கென வக்பு செய்யப்பட்டது. நிலமும் நிதியும் மட்டுமே அந்த அமானத்தில் அடங்குமா? அத்தூணைச் செதுக்கிய சிற்பியின் உழைப்பும், கல் சுமந்தவனின் வியர்வையும், அங்கே நெற்றி பதித்த பத்துத் தலைமுறையின் நினைவும் அதில் அடங்கா என்று எவரேனும் சொல்ல முடியுமா? ஸ்காட்லாந்து மூப்பர்களின் சபை எரிந்தும் அழியாத செடியைத் தன் சின்னமாகக் கொண்டது. மூசா நபி (அலை) அவர்கள் நெருப்பொளி கண்டு சென்று இறையழைப்பைக் கேட்ட வரலாற்றை ஓதி வளர்ந்த நமக்கு அச்சின்னம் நெருக்கமானது. நெருப்புக்கும் அழியாத ஒன்று நம் அலட்சியத்தால் அழியலாகாது.

ஆகவே இரு வேண்டுகோள்கள். முதலாவது, முத்தவல்லிமாருக்கும் ஜமாஅத் பெரியோர்க்கும் உரியது. பழம்பள்ளியின் மீது முதல் கடப்பாரை விழுமுன், பழங்கட்டடம் செப்பனிடத் தெரிந்த பொறியாளர் ஒருவரையும் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரையும் அழைத்து அவர்தம் கருத்தைக் கேளுங்கள். அதன் பின்னர் முடிவு செய்யுங்கள். எவ்வாற்றானும் இடித்தே தீரவேண்டுமெனில், அளந்து வரைந்து, படமெடுத்து, தூண்களையும் கல்வெட்டுகளையும் புதிய பள்ளியிலேயே இடம்பெறச் செய்யுங்கள்.

இரண்டாவது, நம் மாணவச் செல்வங்களுக்கு உரியது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் தெருவின் மூத்த கொத்தனாரிடம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். உறை, சாரம், கமான், கும்மட்டம், தூக்குக்குண்டு என அவர் நாவில் வாழும் சொற்களை, அவர் விளக்கும் பொருளோடு எழுதி வாருங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் அவருடனேயே மறைந்துவிடும். ஆய்வுக்குப் பொருள் தேடி அலைபவர்க்கு இதைவிடச் சிறந்த களம் வேறில்லை. கட்டடக்கலைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்ற வினாவிற்கு இதுவே என் விடை.

அடுத்த முறை எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், சற்றே நடந்து சென்று அவ்வாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்குள்ளோரின் அனுமதி பெற்று உள்ளே சென்று நீல வானத்தை அண்ணாந்து பாருங்கள். பின்னர்த் தரையைப் பார்த்து, அதன் கீழே நம் முன்னோர் இறக்கிய 150 கிணறுகளையும் ஒருகணம் எண்ணுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பள்ளிவாசலின் தூணைத் தொட்டுப் பாருங்கள். அது இன்னும் அங்கே நின்றால், நிற்கச் செய்வது இனி உங்கள் பொறுப்பு.